துணியாகக் கருதப்படும்

ஆம்பூர் ஸ்ரீ வாகீஸ்வரி ஹைஸ்கூல் நாடகக் கமிட்டிக் கூட்டம். 1933-ம் வருஷம் கார்த்திகை மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. வந்திருந்தவர்கள்:

தலைவர், ரிட்டையர்டு சப்-ரிஜிஸ்திரார் சுப்பராய முதலியார்.
காரியதரிசி, டிராயிங் மாஸ்டர் ஞானாபரணம்.
நாடகாசிரியர், தமிழ்ப் பண்டிதர் ஆதிகேசவன்.
விசேஷ அழைப்பின் பேரில், தோல் வியாபாரி ஜனாப் வாஹித் பாஷா சாகிப்.
ஹெட்மாஸ்டர் வரவில்லை. வயிற்றுவலி. கமிட்டி கூடுகிற நாளெல்லாம் அவருக்கு வயிற்றுவலி. புத்திசாலி.

கதவருகே கன்னியப்பனும் நின்றிருந்தான். ஆனால் அவன் பெயர் மினிட் புத்தகத்தில் ஏறவில்லை. டெம்ப்ரவரி ஊழியர் கூட்டத்தில் இருந்தாலும் இல்லாதவரே என்று பழைய தீர்மானம் ஒன்று இருக்கிறது.

கன்னியப்பன் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக டெம்ப்ரவரி. அதற்கு முன்னால் வாஹித் பாஷாவின் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் மிதித்தவன். விரல் இடுக்கெல்லாம் வெந்து, பாதம் பழைய கருவாடு மாதிரி ஆன பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மணி அடிப்பான், தண்ணீர் எடுத்து வைப்பான். நாடகம் போட்டால் மேடை கட்டுவதும் திரை இழுப்பதும் அவன்தான். ஏப்ரலில் லீவு விட்டதும் டெம்ப்ரவரிகளை நீக்கிவிட்டு ஜூனில் திரும்பச் சேர்ப்பார்கள். அந்த இரண்டு மாதமும் அவன் மறுபடி குழியில் இறங்க வேண்டும். வேறு வேலை அந்த ஊரில் அவனுக்கு யாரும் தருவதில்லை. இந்த வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இன்னொரு ஏப்ரலை இது தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

பெர்மனென்ட் ஆகிவிட்டால் லீவில் நீக்க மாட்டார்கள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். 'கன்னியப்பன் விஷயம்' ஒன்பது வருஷமாக அஜெண்டாவில் பதினான்காவதாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் கமிட்டி, கட்டடக் கமிட்டி, கிணற்றுக் கமிட்டி எல்லாவற்றிலும் இதே மூன்று பேர்தான். நாற்காலியைக்கூட மாற்றிப் போட்டுக்கொள்வதில்லை. எந்தக் கமிட்டியும் ஒன்பதாவது விஷயத்தைத் தாண்டியது கிடையாது. அதற்குள் காபி வந்துவிடும்.

அன்றைய ஏழாவது விஷயம் திரை. பழைய திரையைச் செல் அரித்துவிட்டது. வாஹித் பாஷா எழுந்து நின்றார்.

"நம்ம பசங்க நாடகத்துக்கு நானே திரை தர்றேன். துணி இல்லே. துணி இன்னா துணி, ரெண்டு வருஷத்துல செல்லு தின்னுட்டுப் போய்டும். தோலு! அறுபது ஆட்டுத்தோலு, ஒண்ணோட ஒண்ணு தெச்சு. லண்டனுக்குப் போற சரக்கு. நம்ம பேரப்பசங்க காலத்துக்கும் நிக்கும். கீழ ஒரு மூலையில நம்ம மார்க்கு சின்னதா இருக்கும், அவ்ளோதான்."

பண்டிதர் மூக்கைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். பாஷா பார்ப்பது தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தலைக்கு மேலிருந்த ஓட்டுக்கூரை பாஷா போட்டது. உட்கார்ந்திருந்த பெஞ்சும் அவர் கொடுத்ததுதான்.

"சாகிப் அவர்களின் தாராளம் உலகறிந்தது," என்றார் பண்டிதர். "ஆனால் நாடகத்துக்கு முன்னால் சரஸ்வதி பூஜை திரைக்கு முன்புதான் நடக்கும். மிருக சர்மத்துக்கு எதிரில் வாக்தேவியை எழுந்தருளப் பண்ணுவது என்றால்..."

"ஏன் பண்டிதரே, மிருதங்கத்தை இன்னா வாழைமட்டையிலயா கட்றாங்க?" என்றார் பாஷா.

தலைவர் சுப்பராய முதலியார் கையை உயர்த்தினார்.

"சண்டை வேண்டாம். முப்பது வருஷம் நாட்றம்பள்ளி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இதையெல்லாம் பார்த்துட்டு வந்தவன் நான். ஏரியை நஞ்சைன்னு பத்திரத்துல எழுதினா அது நஞ்சை. அப்புறமும் அதுல மீன் இருந்தா அது மீனோட தப்பு."

தீர்மானம் ஏழு இப்படி நிறைவேறியது: 'ஜனாப் வாஹித் பாஷா சாகிப் அன்பளிக்கும் திரையானது, அது எதனால் செய்யப்பட்டிருப்பினும், இக்கமிட்டியின் சகல காரியங்களுக்கும் துணியாகவே கருதப்படும். அதைத் தொட்டவர்கள் மட்டும் குளித்துவிட்டு வரவும்.'

கன்னியப்பன் கதவருகிலிருந்து தொண்டையைச் செருமினான்.

"ஐயா, ஒரு வார்த்தை. தோலு நல்லாக் காய்ஞ்சப்புறம்தான் மாட்டணும். ஈரத்தோட..."

"எது காயணும்?" என்றார் தலைவர்.

"தோலு சார்."

"அப்படி ஒரு வஸ்து இந்தக் கமிட்டியில கிடையாது. துணின்னு சொல்லு."

"துணி நல்லாக் காயணும் சார். ஈரத்தோட மாட்டினா, வெயில் அடிக்க அடிக்கச் சுருங்கி மேல ஏறிக்கும். முன்னாடியே எண்ணெய் போட்டு ஊற வெச்சா..."

"துணிக்கு எவனாவது எண்ணெய் போடுவானா? ஞானாபரணம், நீங்க உங்க சட்டைக்கு எண்ணெய் போடறதுண்டா?"

டிராயிங் மாஸ்டர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "இல்லை சார்," என்றார். பிறகு மினிட் புத்தகத்தில், 'காரியதரிசி தமது சட்டைக்கு எண்ணெய் போடுவதில்லை என்று தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டார்.

காபி வந்துவிட்டது. தலைவர் அதை ஆற்றியபடியே கன்னியப்பனைப் பார்த்தார்.

"நாடகத்துக்கு ஜில்லா கல்வி அதிகாரி வேலூர்லேர்ந்து வர்றார். அவர் முன்னாடி திரை விஷயத்துல ஒரு குறையும் இல்லாம நடந்தா, அன்னைக்கே உன் விஷயத்தை எடுத்துக்கறோம். குறை வந்ததோ, ஜூன்லகூட நீ இந்தப் பக்கம் வர வேணாம்."

வெளியே எல்லம்மா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாடக நாளில் அவளும் கன்னியப்பனோடு கயிறு பிடிப்பவள்.

"இன்னாண்ணா சொல்றாங்க?"

"தோலு இனிமே துணியாம்."

"அப்படியா? அப்ப என் வூட்டுக்காரனைக் கலெக்டர்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லேன். எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது கெடைக்கும்."

*

திரை அடைமழையில் வந்தது. பாஷாவுக்குத் தாமதம் பிடிக்காது. பதனிடும் கடைசி ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாதி காய்ந்தும் காயாமலும் தைத்த தோலைத் திறந்த வண்டியில் போட்டு அனுப்பிவிட்டார். எட்டுப் பேர் சுமந்து உள்ளே கொண்டுவந்தார்கள். நனைந்த தோலின் வாடை முதல் பாரம் வகுப்பிலிருந்து ஆறாம் பாரம் வரைக்கும் போயிற்று. பின்னாலேயே ஏழெட்டு நாய்கள் வந்து ஹாலில் வரிசையாக உட்கார்ந்தன. அவற்றுக்குத் தீர்மானம் ஏழு பற்றித் தெரியாது.

இரண்டு கப்பி போட்டு, எதிர்ப்பாரத்துக்கு மணல் மூட்டை கட்டி, கன்னியப்பன் திரையை மாட்டினான். டிராயிங் மாஸ்டர் ஞானாபரணம் அளந்தார். ஈரத்தில் தொய்ந்து தொங்கியதால் திரை மேடைத் தரையை ஒட்டி, ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல் நின்றது. உயரம் சரியாகப் பன்னிரண்டு அடி. 'குறையொன்றுமில்லை' என்று சர்டிபிகேட் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"சார், இது காய்ஞ்சா..." என்றான் கன்னியப்பன்.

"சர்டிபிகேட் ஆயிடுச்சு," என்றார் ஞானாபரணம். அவர் கெட்டவர் அல்ல. எழுதியதை அடிக்கப் பயப்படுபவர், அவ்வளவுதான்.

மறுநாள் ஒத்திகை. பண்டிதர் ஆதிகேசவன் தாமே எழுதிய 'மகுடவர்த்தனன்' என்ற நாடகம். இருபத்துமூன்று காட்சிகள். ஒவ்வொரு காட்சிக்கும் திரை ஒருமுறை ஏற வேண்டும், ஒருமுறை இறங்க வேண்டும். திரை பள்ளிக்கூடத்தின் சொத்து என்பதால், அதை அசைப்பதற்கு எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். 'உயர்த்துக' என்று ஒரு சீட்டு. 'தாழ்த்துக' என்று ஒரு சீட்டு. காரியதரிசி எழுதுவார், பண்டிதர் நேரம் பார்த்து ஒப்பமிடுவார், தலைவர் கையெழுத்திடுவார். சீட்டு கைக்கு வந்ததும் கன்னியப்பன் இழுப்பான்.

ஓர் அங்கத்தின் முடிவில் மகுடவர்த்தனனின் தளபதி விஷம் குடித்துச் சாகிறான். செத்தான். சீட்டு வரவில்லை. பண்டிதருக்கு அது ராகு காலம். தளபதி முக்கால் மணி நேரம் செத்துக் கிடந்தான். நடுவில் ஒருமுறை புரண்டு படுத்தான். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதே இடத்தில் அதே விஷத்துக்கு மறுபடி செத்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தொட்டவர்கள் குளிக்க வேண்டும். ஒரு காட்சிக்கு இரண்டு இழுப்பு என்றால் இரண்டு குளியல். எட்டாவது குளியலுக்குப் பிறகு கன்னியப்பனுக்குப் பல் கிட்டியது.

"இன்னும் முப்பத்தெட்டு இருக்குது," என்றாள் எல்லம்மா தலையைத் துவட்டியபடி. "இவ்ளோ தண்ணி எங்க அம்மா என்னைப் பெத்தப்போகூட ஊத்தலே."

கன்னியப்பன் நனைந்த வேட்டியோடு போய்த் தலைவர் முன் நின்றான். "சார், நாங்க கயித்தைத்தான் தொடறோம். துணியைத் தொடறதில்லை."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். இந்த மாதிரி யோசனைகள்தான் அவருக்குச் சந்தோஷம்.

"நியாயமான வாதம். கயிற்றைத் தொட்டவன் திரையைத் தொட்டவனாக மாட்டான். ஆனா கயிறு திரையைத் தொடுது. அதனால கயிறு குளிக்கணும்."

அன்று முதல் ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு எல்லம்மா கயிற்றின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். நனைந்த கயிறு கப்பியில் வழுக்கியது. யாரும் அதைப் பற்றித் தீர்மானம் போடவில்லை.

*

மழை விட்டது. பத்து நாள் நல்ல வெயில். திரை காய ஆரம்பித்தது.

முதல் நாள் ஒரு விரல் ஏறியது. மூன்றாம் நாள் ஒரு சாண். நாடகத்துக்கு முந்தின நாள் காலையில் கன்னியப்பன் பார்த்தபோது, திரைக்கும் மேடைக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி இருந்தது. அவன் ஓடிப்போய்ச் சொன்னான். கமிட்டி வந்தது. மூவரும் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் எல்லம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய துடைப்பமும் கெண்டைக்காலும் தெளிவாகத் தெரிந்தன.

"துணி சுருங்காது," என்றார் பண்டிதர். "துவைத்தால்தான் சுருங்கும். ஏய் கன்னியப்பா, திரையைத் துவைத்தாயா?"

"அறுபது ஆட்டை எந்தக் கல்லுல சாமி துவைக்கறது?"

"ஆடு என்று சொல்லாதே."

"சார், கைகூப்பிக் கேக்கறேன். இது தோலு. ஈரத்துல நீளும், காய்ஞ்சா சுருங்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலே. ராத்திரி பூரா ஈரச் சாக்கு சுத்தி, கீழ பாரம் கட்டித் தொங்கவிட்டா காலையில எறங்கிடும். டேனரியில நாங்க..."

"மினிட்ல அந்த வார்த்தை வர வேணாம் ஞானாபரணம்," என்றார் தலைவர். "இங்கே பாருப்பா. பன்னிரண்டு அடின்னு சர்டிபிகேட் இருக்கு. மூணு பேர் கையெழுத்து இருக்கு. திரை பன்னிரண்டு அடிதான். அப்போ இடைவெளி எப்படி வந்தது? யோசிச்சுப் பாரு. மேடை கீழே போயிருக்கு."

கன்னியப்பன் மேடையைப் பார்த்தான். மேடை கருங்கல்லால் கட்டியது.

தீர்மானம் பதினொன்று: 'மேடையானது கமிட்டியின் அனுமதியின்றிக் கீழிறங்கியிருப்பதால், அதைக் கட்டிய கொத்தனாரிடம் விளக்கம் கேட்கப்படும். விளக்கம் வரும் வரை, இடைவெளி இல்லை.' கொத்தனார் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நோட்டீஸ் தபாலில் போயிற்று.

"வுடுண்ணா," என்றாள் எல்லம்மா. "ஈரச் சாக்கு நாமளே சுத்தலாம்."

"துணிக்கு ஈரச் சாக்கு சுத்தினவன்னு அதுக்கும் ஒரு விளக்கம் கேப்பாங்க. ஹாலையும் பூட்டிட்டுப் போய்ட்டாங்க." அவன் படியில் உட்கார்ந்து விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டான். ஏப்ரலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

*

நாடகம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. கல்வி அதிகாரிக்கு ஆறு மணி ரயில். முன்வரிசையில் அவர், பக்கத்தில் வாஹித் பாஷாவும் அவருடைய தோஸ்துகளும். நடுவில் பையன்களைப் பெற்றவர்கள். கடைசியில் டேனரி ஆட்கள், தோல் திரையைப் பார்ப்பதற்காகவே வந்தவர்கள். நாய்களும் வந்திருந்தன.

சரஸ்வதி பூஜை முடிந்தது. தலைவர் வரவேற்புரையில், "இந்தப் பள்ளியின் திரை துணியால் ஆனது," என்று மூன்று முறை சொன்னார். "இன்னா சொல்றாரு, என் சரக்கையா?" என்று பாஷா எழப்போனார். தோஸ்துகள் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

திரை ஏறியது. மகுடவர்த்தனன் செந்தமிழில் இருபது நிமிஷம் தன் வம்சத்தைச் சொன்னான். கல்வி அதிகாரி தூங்கிப்போனார். திரை இறங்கியது.

இறங்கிய திரை முழங்கால் உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே கால்கள் தெரிந்தன.

சபைக்கு இது புதிது. முதலில் சிம்மாசனத்தின் நான்கு கால்கள் நகர்ந்து வந்தன. அவற்றோடு வெந்து சுருங்கிய இரண்டு பாதங்கள்.

"டேய், அது குழிக் காலுடா," என்றான் கடைசி வரிசையில் ஒருவன். "நம்ம கன்னியப்பன்!"

டேனரி ஆட்கள் கை தட்டினார்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியும் கட்டுப்போட்ட பெருவிரலும் வேகமாக வந்தன. சிம்மாசனத்தில் இடித்துக்கொண்டன. ஒற்றைக்காலில் மேடை முழுக்கக் குதித்தன.

"பண்டிதரு!" என்று நாலாம் பாரம் ஒட்டுமொத்தமாகக் கத்தியது. கல்வி அதிகாரி கண் விழித்தார்.

உள்ளே இருந்த மூவருக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாடகம் எடுபடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கன்னியப்பன், "சார், கால் தெரியுது," என்று சொன்னான். "இடைவெளி இல்லைன்னு தீர்மானம் இருக்கு," என்றார் தலைவர்.

ஐந்தாவது இடைவேளையில் தலைவரின் பேனா மூடி கழன்று உருண்டு, திரைக்கு அடியில் புகுந்து சபைப் பக்கம் வந்துவிட்டது. ஒரு கை வெளியே வந்து தரையைத் தடவியது. இடப்பக்கம் தடவியது, வலப்பக்கம் தடவியது. ஒரு நாயின் மூக்கைத் தடவியது. முன்வரிசையிலிருந்த பாஷாவின் தோஸ்து ஒருவர் மூடியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கை நன்றி சொல்வதுபோல் ஒருமுறை ஆடிவிட்டு உள்ளே போயிற்று. சபை பெஞ்சைத் தட்டியது.

அதற்குப் பிறகு திரை மேலே இருக்கும்போது யாரும் மேடையைப் பார்க்கவில்லை. வெற்றிலை போட்டார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். திரை இறங்கியதும் எல்லோரும் குனிந்து உட்கார்ந்தார்கள்.

தளபதி செத்தபோதுதான் உச்சம். திரை எப்படியோ இறங்கிவிட்டது. அடுத்து ஏற வேண்டும். செத்தவனின் தலை இடைவெளியின் நடுவில் சபையைப் பார்த்துக் கிடந்தது. அவன் தலைக்குப் பின்னால் தலைவரின் பூட்சுகள், ஒன்றில் சிவப்புக் காலுறை, மற்றதில் சாம்பல் நிறம். எதிரே பண்டிதரின் வேட்டி. நடுவே டிராயிங் மாஸ்டரின் பெயின்ட் கறை பட்ட கான்வாஸ் செருப்பு.

"சீட்டுல எனக்கு மேலே ஏன் கையெழுத்துப் போட்டீர்?"

"இடம் அங்கேதான் இருந்தது."

"தலைவருக்கு மேலே இடம் கிடையாது ஓய்!"

"கவிக்குத் தலைவன் கிடையாது!"

பூட்சுகள் முன்னேறின. வேட்டி பின்வாங்கியது. சிம்மாசனத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று. கான்வாஸ் செருப்பு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, இரண்டு பேரிடமும் மிதி வாங்கியது. சபை கூரை பறக்கக் கூச்சலிட்டது. செத்த தளபதி தலையைத் தூக்கி, "கொஞ்சம் சும்மா இருங்க, இன்னும் கையெழுத்து ஆவலே," என்று சொல்லிவிட்டு மறுபடி செத்தான்.

கல்வி அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஞானாபரணம் திரை ஓரமாக எட்டிப் பார்த்தார்.

"அழறார் சார்."

தலைவர் எட்டிப் பார்த்தார். "இல்லே. கோபம். உத்தியோகஸ்தங்க கோபம் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்."

அந்த நேரத்தில் அதிகாரியின் டவாலிச் சேவகன் ஒரு சீட்டோடு உள்ளே வந்தான். 'திரைக்குக் கீழே நடப்பவற்றுக்கு யார் பொறுப்பு? உடனே எழுதி அனுப்பவும்.'

கமிட்டியின் சரித்திரத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக எதுவும் எழுதப்பட்டதில்லை. இரண்டு நிமிஷம். யார் மேலே யார் கீழே என்ற பேச்சே எழவில்லை. வயிற்றுவலியில் வீட்டில் படுத்திருந்த ஹெட்மாஸ்டர்கூட எங்கிருந்தோ வந்து ஒரு கையெழுத்துப் போட்டார். 'திரைக்கும், அதன் கீழே இன்று நிகழ்ந்த யாவற்றுக்கும், டெம்ப்ரவரி ஊழியன் கன்னியப்பன் ஒருவனே முழுப் பொறுப்பு. இதில் கமிட்டிக்கு அணுவளவும் பங்கில்லை.'

டவாலி வாங்கிக்கொண்டு போனான்.

"இன்னாண்ணா எழுதினாங்க?" என்று எல்லம்மா கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள்.

"என்னைத்தான் எழுதினாங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

எல்லம்மா செம்பில் இருந்த தண்ணீரைக் கயிற்றில் ஊற்றாமல் தானே குடித்துவிட்டாள். "டேனரிக்கே போயேன்," என்றாள் பிறகு. "அங்க தோலைத் தோலுன்னாவது சொல்றாங்க."

இன்னும் நான்கு காட்சி பாக்கி இருந்தது. கன்னியப்பன் இழுத்தான்.

*

மங்களம் பாடியதும் கல்வி அதிகாரி மேடை ஏறினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கமிட்டி ஓரமாக வரிசையில் நின்றது. கன்னியப்பனைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு, எல்லோரும் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"இந்த ஜில்லாவில் நாற்பத்திரண்டு பள்ளி நாடகம் பார்த்திருக்கிறேன்," என்றார் அதிகாரி. "நாற்பத்தொன்றில் தூங்கினேன். இன்றும் தூங்கத்தான் வந்தேன். ஆனால் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் வெறும் கால்களை வைத்துக்கொண்டு ஒரு ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று காட்டினீர்களே, அடடா! அந்தப் பூட்சுக்கால் அதிகாரி. அந்த ஒற்றைக்கால் புலவர். எங்கள் ஆபீஸில் நான் தினமும் பார்க்கிற கால்கள்."

சபை ஆர்ப்பரித்தது. கமிட்டியின் வரிசையில் ஒரு சிறு அசைவு. மூவரும் ஆளுக்கு ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டேன். இதோ பதில்." அதிகாரி அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். "கன்னியப்பன் ஒருவனே. கமிட்டிக்கு அணுவளவும் பங்கில்லை! இப்படி ஒரு பெருந்தன்மையான கமிட்டியை நான் கண்டதில்லை. மற்ற ஊர்களில் பியூன் செய்ததைக் கமிட்டி செய்ததாகச் சொல்வார்கள். இவர்கள் நான்கு பேரும் கையெழுத்திட்டு ஒரு ஏழை ஊழியனுக்குப் புகழைக் கொடுத்திருக்கிறார்கள்."

தலைவர் கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"எத்தனை வருஷமாக டெம்ப்ரவரி?" என்று அதிகாரி கன்னியப்பனைக் கேட்டார்.

"ஒம்பது வருஷம் சாமி."

"வெட்கக்கேடு." அவர் பேனாவை எடுத்தார். அதே கடிதத்தின் அடியில், நான்கு கையெழுத்துகளுக்கும் கீழே, 'இவரை இன்று முதல் நிரந்தரமாக்குக' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கன்னியப்பன் கையில் கொடுத்தார். மணியைப் பார்த்தார். ஜட்காவில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

வாஹித் பாஷா மேடைக்கு ஓடிவந்து கன்னியப்பனைக் கட்டிக்கொண்டார். "சபாஷ்டா! சுருங்கினாலும் என் தோலு சும்மாவா சுருங்கிச்சு? வேலூர் வரைக்கும் பேசுவான்!"

ஜட்காவின் மணிச்சத்தம் தேயும் வரை கமிட்டி அப்படியே நின்றது.

"அந்த ஒற்றைக்கால் அபிநயம் என்னுடையது," என்றார் பண்டிதர் திடீரென்று. "ஒத்திகை பார்க்காமல் செய்தேன். என் பெயர் அதில் வந்திருக்க வேண்டும்."

"நான் துரத்தலேன்னா நீர் எங்கே ஓடியிருப்பீர்?" என்றார் தலைவர். "பூட்சுக்கால்தான் பிரதான பாத்திரம்னு அதிகாரியே சொன்னார்."

"மிதி வாங்கினது நான்," என்றார் ஞானாபரணம். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"நிறுத்துங்க. இது மேடையில பேசற விஷயமில்லே. அவசரக் கூட்டம்! விஷயம் ஒண்ணு, கால் நாடகத்தை இயற்றியது யாருன்னு முடிவு பண்ணணும். விஷயம் ரெண்டு, தீர்மானம் இல்லாம நடந்துபோன இந்த நியமனத்தை ரத்து பண்ணணும்."

கன்னியப்பன் கடிதத்தை மடித்து மடியில் செருகி, மேலே இரண்டு முறை வேட்டியைச் சுற்றிக்கொண்டான்.

ஹெட்மாஸ்டருக்கு வயிற்றுவலி திரும்பிவிட்டது. அவர் வீட்டுக்குப் போனார். மற்ற மூவரும் மேடைச் சாமான் அறைக்கு நடந்தார்கள். உள்ளே மர வாளும் காகித மகுடமும் ஒரு பெஞ்சும் இருந்தன. ஜன்னல் கிடையாது. தலைவர் வாசலில் நின்று திரும்பினார்.

"கன்னியப்பா, வெளியே பூட்டு. போன ரெண்டு கூட்டமும் காபின்னும் வெத்தலைன்னும் ஆளாளுக்கு நழுவி, கோரத்துக்கு ஆள் பத்தாம கூட்டம் கெட்டுப்போச்சு."

"சாவி எங்கிட்ட குடுக்க மாட்டீங்களே சார். டெம்ப்ரவரி கையில சாவி குடுக்கக் கூடாதுன்னு..."

"அது நேத்து," என்றார் ஞானாபரணம். சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். "ஆர்டர் இருக்கே. ரத்தாகிற வரைக்கும் நீ பெர்மனென்ட்தான். தரலாம்."

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகக் கன்னியப்பன் அந்தச் சாவியைக் கையில் வாங்கினான். நல்ல கனம்.

"எப்ப தெறக்கணும் சார்?"

"ரெண்டு விஷயமும் ஏகமனதா முடிஞ்சப்புறம்," என்றார் தலைவர். "நடுவுல யார் தட்டினாலும் திறக்காதே. நானே தட்டினாலும் திறக்காதே. என் குரல்ல பேசி வெளியே போகப் பார்ப்பாங்க."

"ஏகமனதா முடியலேன்னா சார்?"

"முடியாம இங்கேர்ந்து ஒருத்தர் போகக் கூடாது."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை சார்."

"கமிட்டிக்குக் கிழமை கிடையாது."

எல்லம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாக் கேட்டுக்கோண்ணா," என்றாள். "பெரியவங்க உத்தரவு."

தலைவர் முதலில் உள்ளே போனார். யார் அடுத்தது என்று பண்டிதரும் ஞானாபரணமும் வாசற்படியில் சற்று நேரம் தோளால் இடித்துக்கொண்டு, கடைசியில் இருவரும் சேர்ந்தே போனார்கள். கன்னியப்பன் கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டை மாட்டி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.